ஆறு தாண்டினவள்

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு ஆற்றைத் தாண்டாமல் வாழவேண்டும் என்றால் படுத்த பாயைவிட்டு எழுந்திருக்கவே கூடாது. ரேஷன் கடைக்குப் போனால் ஒரு பாலம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாலம், செத்தால் சுடுகாட்டுக்குப் போக ஒரு பாலம். இப்படிப்பட்ட சீமையில், வளையல் அடுக்கிய பெண் பிள்ளை பெறும்வரை ஆறு தாண்டக் கூடாது என்று எவரோ ஒரு புண்ணியவான் சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாலமே இல்லாத காலத்தில் பரிசலுக்குப் பயந்து சொன்னதாக இருக்கலாம். பரிசல் போய்விட்டது, சட்டம் மட்டும் போகாமல் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் மீறியவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிடும்.

வைத்தியலிங்கம் வீட்டு மருமகள் வானதிக்கு அது ஏழாம் மாதம். மாயவரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். புருஷன் அரவிந்தனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அதனால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் கொண்டுவருவதும் மாமியார் பிரகதாம்பாள் பொறுப்பு. கார், பக்கத்துத் தெரு மீரா சாகிப்புடையது. ஊரில் பாதிப் பிள்ளைகள் அந்தக் காரில் ஏறித்தான் பிறக்கப் போயிருக்கின்றன என்று அவர் பெருமை பேசுவார்.

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள் தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். இருட்டான அறை, ஏசி குளிர், ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்ற பலகை. டாக்டர் ஹமீதா பானு வழக்கமாகக் கருவியை வைத்து இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவார். அன்றைக்கு எடுக்கவில்லை. திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ நெளிந்தது. ரத்தம் ஓடும் சத்தம் உஸ் உஸ்ஸென்று கேட்டது. டாக்டர் திரும்பத் திரும்ப அதே இடத்தையே பார்த்தார்.

"இது டாப்ளர் ஸ்கேன்மா. கொடி வழியா கொழந்தைக்கு ரத்தம் எப்படிப் போவுதுன்னு பாக்கறது" என்றார் டாக்டர். திரையில் வரிசையாக மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. "மேடு நல்லாருக்கு. ஆனா பள்ளத்துலயும் ரத்தம் போயிக்கிட்டே இருக்கணும். இங்க கம்மியாப் போவுது. கொழந்தையும் கொஞ்சம் சின்னதா இருக்கு. இப்படி இருக்கற பிள்ளைங்கள்ல சிலது நாள் ஆவறதுக்கு முன்னாடி தானாவே வந்துடும். வந்தே தீரும்னு சொல்லல. ஆனா நாம தயாரா இருக்கணும்."

வாரா வாரம் வந்து பார்க்க வேண்டும் என்றார். வலியோ, வயிறு கல்லாக இறுகுவதோ, நீர் கசிவதோ, பிள்ளை துள்ளுவது குறைவதோ இருந்தால் எந்த நேரமானாலும் உடனே வரவேண்டும் என்றார். வானதி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிரகதாம்பாள் காதில் விழுந்தது வாரா வாரம் என்பது மட்டும்தான்.

வாரா வாரம் என்றால் வாரா வாரம் புதாற்றைத் தாண்ட வேண்டும்.

புதாறு என்பது கல்லணையிலிருந்து வெள்ளைக்காரன் நாளில் வெட்டிக்கொண்டு வந்தது. தஞ்சாவூர் வழியாக வந்து எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுப்பது. சர்க்கார் காகிதத்தில் அதற்குப் பெயர் கால்வாய். எங்கள் வாயில் ஆறு. இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு வீட்டை இப்படிப் போட்டு உலுக்கும் என்று வெட்டினவன் நினைத்திருக்க மாட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அதுதான் பேச்சு. பிள்ளை முந்தி வந்துவிடும் என்றால் வளைகாப்பை முந்திப் போட வேண்டும். வளையல் சத்தம் கேட்காமல் ஒரு பிள்ளை பிறப்பதைப் பிரகதாம்பாளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போட்டுவிட்டாலோ ஆறு தாண்ட முடியாது. தாண்டாவிட்டால் ஸ்கேன் இல்லை. அரிசி களைந்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றிவிட்டு, குழம்பு ஏன் வெளுத்துக் கிடக்கிறது என்று தானே கேட்டுக்கொண்டு நின்றாள்.

வைத்தியலிங்கம் சட்டத்தை மதிக்கிறவர். அதில் சந்து கண்டுபிடிக்கவும் தெரிந்தவர். புதாறு ஆறே இல்லை, மனுஷன் வெட்டினது எப்படி ஆறாகும், அது பெரிய வாய்க்கால் என்றார்.

"ஆடிப்பெருக்குக்கு அதுலதான காதோலை கருகமணி விடுறோம்? அன்னைக்கு ஆறு, இன்னைக்கு வாய்க்காலா?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு அடுத்த சந்தைக் கண்டுபிடித்தார். இப்போது புதாற்றில் தண்ணீர் ஏது? தை கடைசியில் அடைத்தது, வெறும் மணல். ஆடு மேய்கிறது, பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். தண்ணீர் ஓடினால்தான் ஆறு. ஓடாதபோது அது தரை. தரையைத் தாண்டினால் தோஷமா என்றார்.

பிரகதாம்பாளுக்கும் ஒரு பிடி வேண்டியிருந்தது, பிடித்துக்கொண்டாள். வானதி மட்டும் சுவரில் சாய்ந்தபடி சிரித்தாள். போனில் இதைக் கேட்ட அரவிந்தனுக்குக் கோபம் வந்தது. ஆறு கீறு என்று ஆரம்பிக்காதீர்கள், டாக்டர் சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்று சிங்கப்பூரிலிருந்து சத்தம் போட்டான். தூரத்தில் இருப்பவனுக்குக் கோபம் சுலபம்.

பிரகதாம்பாளை நாம் குறை சொல்லிவிடலாம். ஊரில் பலர் சொன்னார்கள். அவள் கதை தெரியாத இளவட்டங்கள் சொன்னார்கள். அரவிந்தனுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்ட கையோடு, தங்கை கல்யாணத்துக்கென்று திருவையாற்றுப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். மாமியார் போகாதே என்றார். ஒரே தங்கை, எப்படிப் போகாமல் இருப்பது? புதாறு, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஒன்று பாக்கியில்லாமல் தாண்டிப் போய், அத்தனையையும் தாண்டித் திரும்பி வந்தாள். வந்த வாரமே வலி கண்டது. பிள்ளை செத்துப் பிறந்தது. அன்றிலிருந்து மாமியார் கண்ணை மூடும்வரை அவளுக்கு வீட்டில் பேர் 'ஆறு தாண்டினவ' என்பதுதான். ஆறு தாண்டினவள எழுப்பு, ஆறு தாண்டினவள்ட்ட சொல்லு, மாட்டுக்குத் தண்ணி காட்டட்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பேர் தோலோடு ஒட்டிவிட்டது. வைத்தியலிங்கம் அப்போதெல்லாம் வயலில் இருப்பார், அல்லது வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

வைகாசி முடிவதற்குள் வளைகாப்பை நடத்தினார்கள். மாயவரத்திலிருந்து வானதியின் அப்பா அம்மா சித்ரான்னங்களும் வளையலுமாக வந்தார்கள். வழக்கப்படி பெண்ணைக் கூட்டிப்போக வேண்டியவர்கள், அவ்வளவு தூரம் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வெறுங்கையோடு திரும்பினார்கள். கை நிறையக் கண்ணாடி வளையலோடு வானதி அடுத்த வாரம் காய்ந்த புதாற்றைத் தாண்டிப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் மோசமில்லை என்றார் டாக்டர். வைத்தியலிங்கத்தின் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் டாக்டர் முகம் அப்படி இல்லை. ஓட்டம் இன்னும் குறைந்திருந்தது, கர்ப்பவாயின் நீளமும் குறைந்திருந்தது. பிள்ளையின் நுரையீரல் முதிர ஓர் ஊசி அன்றைக்குப் போட்டார், மறுநாளும் வரச்சொல்லி இன்னொன்று போட்டார். இங்கேயே சேர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தஞ்சாவூருக்குள்ளாவது வந்து இருங்கள், வலி வந்தால் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அறை அங்கேதான் இருந்தது.

அரவிந்தன் தன் சிநேகிதனைப் பிடித்து மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு வீடு பார்த்தான். அது காலியாகிச் சுத்தம் செய்ய நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை போய்விடலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் மேட்டூர் திறந்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் மேட்டூர் திறந்த செய்தி வந்தால் கிழவர்கூட வேட்டியை மடித்துக் கட்டுவார். அந்த வருஷம் வைத்தியலிங்கத்துக்கு மட்டும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தண்ணீர் வேண்டும். குறுவைக்குப் போர்வெல் தண்ணீரை மட்டும் நம்பினால் கதை கந்தல். அதே தண்ணீர் வந்தால் பாலத்தைத் தாண்ட முடியாது. டீக்கடையில் தண்ணீர் முக்கொம்பு தாண்டிற்று, கல்லணைக்கு வந்தாயிற்று என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, இவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோனார்.

ஆனாலும் கணக்குப் போட்டார். தண்ணீர்க் கணக்கில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிறு காலை கல்லணை திறப்பு. புதாற்றுக்கு முதலில் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். காய்ந்த மணல் குடித்தது போகத்தான் மிச்சம் நகரும். பூதலூர் தாண்டி, தஞ்சாவூர் தாண்டி எங்கள் பாலத்துக்கு வரப் புதன் சாயங்காலம் ஆகும். செவ்வாய் காலை கிளம்பினால் தாராளம். முளைகட்டிய விதைநெல் சாக்கில் காத்துக்கொண்டிருந்தது, முளை நீண்டுவிட்டால் தெளிக்க முடியாது. திங்கட்கிழமை நாற்றங்கால் வேலையை முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நிம்மதியாகப் பெண்ணைக் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை காலை விதை தெளித்துக்கொண்டிருந்தபோது பூதலூர் சகலையிடமிருந்து போன் வந்தது. தண்ணீர் நேற்றே அவர்கள் ஊரைத் தாண்டிவிட்டது என்றார். வைத்தியலிங்கம் நம்பவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தெருவில் ஜனங்கள் பாலத்துக்கு ஓடினார்கள். அவரும் கை கழுவாமல் ஓடினார். நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகப் புதுத்தண்ணீர் பாலத்துக்கடியில் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பூவும் நெல்லும் தூவினார்கள். யாரோ வெடி போட்டார்கள்.

மேலே கல்லணையிலிருந்து எங்கள் ஊருக்குச் சற்று முன்புவரை புதாற்றுக்கு அடியில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷமாக நடந்த வேலை. ஊற்று அடைபடும் என்று கொடி பிடித்துப் போய் மறியல் செய்தவர்களில் வைத்தியலிங்கமும் ஒருவர். குடிக்க மணல் இல்லாத தண்ணீர் நடக்காது, ஓடும் என்பது மட்டும் கணக்குப் போடும்போது அவர் புத்திக்கு எட்டவில்லை. நாற்பது வருஷமாக மணலில் வந்த தண்ணீரைத்தான் அவருக்குத் தெரியும். சோறு காய்ந்த கையோடு அவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் சந்தோஷத்தில் நிற்கிறார் என்று நினைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மீரா சாகிப் காரைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மூட்டை முடிச்செல்லாம் கூடத்தில் இருந்தன. பிரகதாம்பாள் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் பார்க்கலாமே என்றாள். ஊசிதான் போட்டாயிற்றே, அதுவரை தாங்காதா என்றாள். பிறகு, தஞ்சாவூர் டாக்டரம்மாவை இங்கே வந்து பார்க்கச் சொன்னால் வரமாட்டார்களா என்று கேட்டாள். அவளுக்கே அது பைத்தியக்காரப் பேச்சு என்று தெரிந்திருந்தது. வைத்தியலிங்கம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். மீரா சாகிப் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அக்கா, நாம போறது பாலத்து மேல. தண்ணி அது பாட்டுக்குக் கீழ போவுது. அதுக்கு நம்மளத் தெரியவா போவுது?" பிரகதாம்பாள் தலையை ஆட்டினாள், ஆனால் நகரவில்லை. ஒரு குரல் கொடுங்கள், இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் காரைத் தெருமுனையில் நிழல் பார்த்து நிறுத்தினார்.

அத்தையோடு சண்டை போட வானதிக்கு மனம் இல்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு பிள்ளை துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். துள்ளியது. பிறகு வெகுநேரம் ஒன்றையும் காணோம். பிறகு லேசாக ஒரு தட்டு. அந்த ஒரு தட்டுக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் கல்லும் கரையும். வெளியே காற்று புழுதியை வாரி வாரி அடித்தது. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மண். சோற்றில்கூட மண் நறநறத்தது.

மத்தியானம் சாப்பிட்ட தட்டை எடுக்க எழுந்தவள் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு கல்லாக இறுகியது. விட்டது, மறுபடி இறுகியது. புடவை நனைந்திருந்தது.

வைத்தியலிங்கம் தெருமுனைக்கு ஓடினார். மீரா சாகிப் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்தார். வானதி தள்ளாடித் தள்ளாடி நடந்து போய்க் கதவைப் பிடித்தாள். பிரகதாம்பாள் அவள் முன்னால் வந்து நின்றுகொண்டாள். தடுப்பதற்கு நின்றாளா, தாங்குவதற்கு நின்றாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"வேணாம்டி. தண்ணி ஓடுதுடி. நான் பட்டுட்டன்" என்றாள்.

வானதிக்கு வலியில் பேச்சு விட்டு விட்டு வந்தது. "அத்தை, நான் தாண்டித்தான் ஆவணும். இங்க இருந்தா புள்ள எனக்கு இல்ல. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பிடிவாதமா தாண்டுனேன்னு சொல்லிடுங்க. பழி எம்மேல இருக்கட்டும். ஒங்க மேல வேணாம்."

பிரகதாம்பாள் அவளையே பார்த்தாள். அந்தப் பழி எவ்வளவு கனம் என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தானாகக் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மருமகளின் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்துக் காரில் ஏற்றினாள், தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"பழியெல்லாம் ஒனக்கு எதுக்கு? நான்தான் கூட்டிட்டுப் போறேன். எவ கேட்டாலும் பிரகதாம்பா கூட்டிட்டுப் போனான்னு சொல்லு" என்றாள். "சாகிப்பு, எடுங்க."

பாலத்தில் இன்னும் கூட்டம் இருந்தது. வேடிக்கை பார்ப்பவர்கள், மீனுக்கு வலை வீசுபவர்கள், பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு செல்பி எடுப்பவர்கள். மீரா சாகிப் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முன் சீட்டில் இருந்த வைத்தியலிங்கம் தலையை வெளியே நீட்டி, அந்த ஊரில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தைகளைச் சொன்னார். கூட்டம் விலகியது. பிரகதாம்பாள் கண்ணை மூடவில்லை. மருமகள் தலையை மடியில் அழுத்திக்கொண்டு, ஜன்னல் வழியே ஓடுகிற தண்ணீரை முறைத்துப் பார்த்தபடியே தாண்டினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பிறந்தது. ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். உடனே குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஊசி முன்னாலேயே போட்டதால் மூச்சு விடுகிறாள் என்றார் டாக்டர். மேற்கொண்டு எதற்கும் அவர் பிடி கொடுக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்குத் தெரியும். வானதி பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள், அதை ட்யூபில் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள். அரவிந்தன் டிக்கெட் எடுத்துவிட்டான். வைத்தியலிங்கம் நாற்றங்காலைப் பார்க்க ஊருக்குப் போவார், பாதியில் மனம் கேட்காமல் திரும்பி வந்துவிடுவார்.

ஒரு நாள் காலை டாக்டர் ஹமீதா பானு குழந்தைகள் அறையிலிருந்து வெளியே வந்தார். நேற்றைவிட இன்று தேவலை, எடை இன்னும் ஏற வேண்டும், ஆனாலும் இனி எனக்கு அவ்வளவாகப் பயமில்லை என்றார். வாசலில் நின்ற பிரகதாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டாள்.

"வளையல் போட்ட பொண்ணத் தண்ணி ஓடுற ஆத்தத் தாண்டிக் கூட்டியாந்தேம்மா. அதனாலதான் முந்திக்கிச்சா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அங்கே கிடந்த பெஞ்சில் அவளை உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "வலி வந்ததுக்கப்புறம்தானம்மா நீங்க தாண்டினீங்க. ஓட்டம் கொறஞ்சது அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. கரு தங்கின மொத மாசங்கள்லயே நஞ்சுக்கொடி சரியா வேர் பிடிக்காம இருந்திருக்கும். அப்ப யாருக்கும் தெரியாது. அவ நடந்ததாலயோ, சாப்பிட்டதாலயோ, எங்கயும் போனதாலயோ வந்ததில்ல இது."

பிரகதாம்பாள் கும்பிட்ட கையை அப்போதுதான் இறக்கினாள்.

"எனக்கு மொதப் புள்ள ஏழு மாசத்துல செத்துப் பொறந்துச்சு. பொண்ணு. இதே மாதிரி குட்டியா இருந்துச்சு. அதுக்கும் இப்படித்தான் ரத்தம் சரியாப் போவாம இருந்திருக்குமா?"

"அப்ப ஸ்கேன் பாத்திருக்க மாட்டாங்க. அதனால இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம். ஆனா ஆத்தத் தாண்டினதால எந்தப் புள்ளையும் சாவாது. அத நான் சொல்லுவேன்."

டாக்டர் போன பிறகும் பிரகதாம்பாள் அந்த பெஞ்சிலேயே இருந்தாள். அழவில்லை. இத்தனை வருஷத்து அழுகையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்திருக்கும். வைத்தியலிங்கம் பிளாஸ்கில் காபியோடு படியேறி வந்தார். மூடியில் ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஆத்தத் தாண்டினதால இல்லியாம்" என்றாள்.

"அதான் தெரியுமே. புள்ள நல்லாத்தான இருக்கு?"

"இது இல்ல. நம்ம மொதப் பொண்ணு."

அவர் மூடியிலிருந்த காபியைத் திரும்பப் பிளாஸ்கிலேயே ஊற்றினார். வராந்தாவில் யார் யாரோ போனார்கள், வந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் என்னைக்காவது ஒன்ன அப்படிச் சொல்லியிருக்கனா, பிரகதா?"

"நீங்க சொல்லல" என்றாள் பிரகதாம்பாள். "இல்லன்னும் சொல்லல."